நோவில்லாத மஞ்சள்

பாலமுனைக் கடற்கரையில் மாலைதோறும் உலாவுவது என் வழக்கம். துணைக்கு வருபவர் அயல்வீட்டு நெல் வியாபாரி. என்னிலும் பத்து வயது மூத்தவராதலின் அவரைக் 'காக்கா' என்பேன். அவர் என்னை 'மாஸ்டர்' என்பார். நோன்புக் கஞ்சியும் பொங்கலும் எங்கள் வேலியைக் கடந்து போய்வரும்.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு மாலை அவர் கண்களில் மஞ்சள் நிறங் கண்டேன்.

"வயிற்றில் நோவு உண்டோ?" என்றேன்.

"நோவு ஒன்றும் இல்லை மாஸ்டர். உடம்புதான் ஓயாமல் அரிக்கிறது, சோறும் செல்லவில்லை" என்றார்.

"நோவில்லையாயின் அஞ்ச வேண்டாம். கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் குடியுங்கள்" என்று படித்தவனுக்குரிய மிடுக்கோடு கூறினேன். அச்சொல்லால் மூன்று வாரங்கள் வீணாயின. வயது சென்றோருக்கு நோவின்றி வரும் மஞ்சளே பெரிதும் அஞ்சத்தக்கது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

கொழும்பிற் படம் பிடித்துப் பார்த்தபோது, சதையியின் தலைப்பகுதியில் ஒரு கட்டி பித்தக்கானை நெரித்துக்கொண்டிருந்தது. தமிழகத்தார் கணையம் என வழங்கும் இவ்வுறுப்பு, இரைப்பைக்குப் பின்னாற் கிடந்து, உணவைச் செமிக்கச் செய்யும் சாற்றையும், சர்க்கரையை அடக்கியாளும் இன்சுலினையும் சுரக்கின்றது. அதன் தலையை மட்டும் தனியே வெட்டியெடுத்தல் இயலாது. அதனை அணைத்திருக்கும் முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்கானின் கீழ்ப்பகுதி ஆகியனவும் உடன் போகும். எஞ்சிய சதையியையும் பித்தக்கானையும் இரைப்பையையும் குடலோடு பொருத்தித் தைத்தல் வேண்டும். 1935ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் இம்முறையை வெளியிட்ட விப்பிள் என்பவரின் பெயரால் இது இன்றும் வழங்குகின்றது.

தையலிலேதான் ஆபத்து. அங்கே சாறு கசிந்தால், உண்ட இறைச்சியைக் கரைக்கும் அச்சாறு உண்டவரின் தசையையும் குருதிக் குழாயையும் அரிக்கும். சீழும் குருதிப்பெருக்கும் உயிரைக் கொள்ளக்கூடும். தப்பியவருக்கும் நீரிழிவு வரலாம்.

சத்திரசிகிச்சை நிபுணர் இவற்றை ஒளியாது உரைத்தார். நான் வாயடைத்திருந்தேன். காக்காவோ, விதைநெல் வாங்கும்போது கேட்பதுபோல அமைதியாகக் கேட்டார்: "டொக்டர், ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள்?"

பட்டம் பெற்ற எனக்குத் தோன்றாத கேள்வி அது. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இச்சிகிச்சையை மிக அரிதாகச் செய்யும் மருத்துவமனைகளில் நூற்றுக்குப் பதினாறு பேர் இறந்திருந்தனர்; மிகுதியாகச் செய்யும் இடங்களில் நால்வருக்கும் குறைவு. நிபுணர் சினவாது கணக்கைச் சொன்னார். காக்கா சம்மதித்தார்.

கசிவு வரத்தான் செய்தது. வயிற்றில் குழாயோடு நாற்பது நாட்கள் கிடந்தார். வெட்டியெடுத்த கட்டி புற்றுநோயே. மீண்டும் வாராதென எவரும் உறுதி கூறவில்லை. இன்று இன்சுலின் ஊசியும், உணவோடு விழுங்கும் செமிபாட்டு மாத்திரையுமாக வாழ்கின்றார். ஆயினும் வாழ்கின்றார்.

வாசகர்களே, கண் மஞ்சளித்தால் அயலவன் சொற் கேட்டிராது மருத்துவரிடம் செல்லுங்கள். கத்தி வேண்டுமென்றால், அக்கத்தியைப் பிடிக்கும் கையின் பழக்கத்தைக் கேட்க நாணாதீர்கள்.

முன்பு நடந்த தூரத்திற் பாதிதான் இப்போது நடக்கிறோம். "அந்த நெல்லிக் கசப்பு இன்னும் நாக்கிலேதான் இருக்கிறது, மாஸ்டர்" என்று சொல்லிக் காக்கா சிரிப்பார். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.