மணிக்கணக்கும் மணல்கணக்கும்

ஊரில் பைக் மெக்கானிக்காக இருந்தவரை ஆயில் மாற்றுவது எனக்குக் கிலோமீட்டர் கணக்கு. மீட்டரைப் பார்ப்போம், போன முறை ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்ப்போம், மூவாயிரத்தைத் தொட்டிருந்தால் டிரெயின் போல்ட்டில் ஸ்பேனரை வைப்போம். துபாயிலிருந்து ஹத்தா போகிற சாலையில், அல் பதாயர் பக்கம் செம்மணல் மேடுகளில் குவாட் பைக் வாடகைக்கு விடும் ஓர் இடத்தின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. இங்கே வண்டி நாள் முழுக்க ஓடினாலும் கிலோமீட்டர் பெரிதாக ஏறாது. மணலில் முதல் கியரிலோ இரண்டாவது கியரிலோ எஞ்சின் அலறிக்கொண்டே இருக்கும். சக்கரம் பாதி நேரம் நின்ற இடத்திலேயே சுற்றும். சுற்றுலா வந்தவர் மேட்டில் சிக்கிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிற ஐந்து நிமிடத்தில் வண்டி நகர்ந்த தூரம் பத்தடிகூட இருக்காது. எஞ்சினுக்கு அது மலையேறின வேலை.

பட்டறையின் மூத்த மெக்கானிக் கண்ணூர்க்காரர். நாங்கள் எல்லாரும் சேட்டன் என்போம். தமிழ் நன்றாகவே பேசுவார். நான் மீட்டரைத் தேடியதைப் பார்த்துவிட்டு, "தம்பி, எவ்வளவு தூரம் ஓடுச்சுங்கறத விடு. எஞ்சின் எத்தனை மணி நேரம் சுத்துச்சுன்னு கேளு" என்றார். அங்கே எல்லா வண்டியிலும் ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றி மாட்டிய ஒரு சின்ன ஹவர் மீட்டர் இருந்தது. எஞ்சின் ஓடுகிற நேரத்தை மட்டும் அது எண்ணும்.

இந்த மணிக்கணக்கை ஒரு முறை மனதில் போட்டுப் பார்த்தால்தான் அதன் நியாயம் புரியும். ஊரில் ஒரு பைக் சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டரில் 3,000 கிலோமீட்டர் ஓடினால், எஞ்சின் 75 மணி நேரம் உழைத்திருக்கிறது. அதிலும் பெரும்பகுதி மிதமான வேகம், எதிர்க்காற்று, தார்ச்சாலை. மணலில் அதே 75 மணி நேரம் என்பது உச்சச் சுற்றில், குறைந்த காற்றோட்டத்தில், தூசிக்கு நடுவே. அதனால்தான் குவாட் பைக் போன்ற ஏ.டி.வி. வண்டிகளின் கையேடுகள் கிலோமீட்டரோடு மணி நேரத்தையும் போடுகின்றன. புது வண்டிக்கு முதல் ஆயில் மாற்றம் மாடலைப் பொறுத்து 20 மணி, 25 மணி என்று வரும்; புதுக் கியர் பற்களும் ரிங்குகளும் தேய்ந்து பொருந்துகிற உலோகத்தூள் அந்த முதல் ஆயிலில்தான் இறங்கும், அதைத் தள்ளிப் போடவே கூடாது. அதற்குப் பிறகு இடைவெளி நீளும். ஆனால் போலாரிஸ் கையேட்டில், சேறு, தண்ணீர், மணல் இவற்றில் அடிக்கடி ஓடுகிற வண்டிக்கு அந்த இடைவெளியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கும். வாடகை குவாட் பைக்குக்கு அந்த வரிதான் உண்மையான கையேடு. எங்கள் பட்டறையில் யமஹா ராப்டர் 700-க்கு 40 மணி என்று வைத்திருந்தார்கள். சீசனில் ஒரு வாரம், பத்து நாளில் அது வந்துவிடும்.

40 மணி என்பது மேல்வரம்பு. அதற்குள் எப்போது மாற்றுவது என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

நிறத்தை வைத்து முடிவெடுப்பதைச் சேட்டன் முதலில் நிறுத்தினார். நல்ல ஆயில் கறுக்கத்தான் செய்யும். அதில் கலந்திருக்கும் டிடர்ஜென்ட் சரக்கு, எரிந்த கரியைப் படிய விடாமல் தன்னோடு சுமந்துகொண்டு திரிகிறது. கறுப்பு என்பது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். போதாததற்கு ராப்டரில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் பிளேட் தேய்கிற தூளும் அதில்தான் சேரும். கறுத்ததற்காக நல்ல ஆயிலைக் கொட்டுவதும், இன்னும் தேன் நிறமாக இருக்கிறதே என்று கெட்ட ஆயிலை விட்டுவைப்பதும் ஒரே கண்ணால் வரும் தவறுகள்.

நிறத்தை விட்டால் வேறு எதைப் பார்ப்பது? முதலில் ஏர் ஃபில்டர். ஆயிலைப் பற்றிக் கேட்டால் அவர் காற்று போகிற வழியைக் காட்டியது அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது நானும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன். சீட்டைக் கழற்றி, ஏர் பாக்ஸின் கிளிப்புகளைத் தளர்த்தி, மூடியை எடுத்தால் உள்ளே ஆயிலில் நனைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர். அதன் வெளிப்புறம் செம்மண் அப்பிக்கிடக்கும். அது இயல்பு, அதற்காகத்தான் அது இருக்கிறது. ஃபில்டரை மெல்ல வெளியே எடுத்த பிறகு, அதற்குப் பின்னால் எஞ்சினுக்குப் போகிற ரப்பர் குழாய்க்குள் விரலில் சுற்றிய சுத்தமான வெள்ளைத் துணியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுக்க வேண்டும். துணி வெள்ளையாக வந்தால் நிம்மதி. இளஞ்சிவப்பாக ஒரு கோடு விழுந்தால்கூட மணல் ஃபில்டரைத் தாண்டிப் போயிருக்கிறது. ஒன்று ஸ்பாஞ்சில் ஆயில் காய்ந்திருக்கும், இல்லை ஓரத்தில் தடவ வேண்டிய கிரீஸ் விட்டுப்போயிருக்கும், இல்லை கிளிப் ஒன்று சரியாக மாட்டாமல் இருந்திருக்கும். காரணம் எதுவானாலும் அந்த வண்டிக்கு அன்றைக்கே ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற வேண்டும். ஹவர் மீட்டரில் அஞ்சு மணி நேரம்தான் ஆகியிருந்தாலும் சரி. பாலை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அது 7. சாதாரண இரும்பைவிடக் கடினம். பிஸ்டன் ரிங் வழியாக இறங்கி ஆயிலில் கலந்துவிட்டால், அதற்குப் பிறகு ஆயில் சுற்றுகிற ஒவ்வொரு இடத்திலும் அரம் சுற்றுகிறது.

அடுத்தது கழற்றிய ஆயிலைப் படிப்பது. வண்டியைக் கொஞ்சம் ஓட விட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே இறக்க வேண்டும். ஆறிவிட்டால் அடியில் படிந்த தூள் அங்கேயே தங்கிவிடும். முதலில் வாடை. பெட்ரோல் நெடி அடித்தால் எங்கிருந்தோ பெட்ரோல் கலக்கிறது. எங்களிடம் இருந்த சின்னக் கார்புரேட்டர் குவாட்களில், குழந்தைகள் ஓட்டுபவை, இது அடிக்கடி வரும். ஃப்ளோட் ஊசி உட்காரும் இடத்தில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், ராத்திரி முழுக்கப் பெட்ரோல் சிலிண்டர் வழியாகக் கிராங்க் கேஸுக்குக் கசியும். காலையில் டிப்ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் மட்டம் நேற்றைவிட ஏறியிருக்கும். மட்டம் குறைந்தால் எல்லாரும் கவனிப்பார்கள். ஏறினால்தான் அதிகம் பயப்பட வேண்டும். கார்புரேட்டரைச் சரி செய்யாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் மறுநாளும் அதே கதைதான்.

டிரெயின் போல்ட்டின் நுனியில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருக்கும். விரலில் தேய்த்தால் மையாகக் குழைந்தால் அது இயல்பான தேய்மானம். முள்ளாகக் குத்தினால் கியர் பல்லோ பேரிங்கோ உடைகிறது. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. அதற்கு ஆயில் தட்டை வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும், மினுமினுப்பு இருந்தால் தெரிந்துவிடும். ராப்டரின் ஆயில் ஃபில்டர் காகித மடிப்பு. அதைத் தூக்கிப் போடுவதற்கு முன் வெள்ளைத் துணியில் மடிப்புகளை விரித்துப் பார்க்கச் சொல்வார் சேட்டன். கறுப்புச் செதில்கள் இருந்தால் கிளட்ச் பிளேட்டின் தூள். இவ்வளவையும் கையுறை போட்டுத்தான் செய்ய வேண்டும். பழைய எஞ்சின் ஆயில் தோலுக்கு நல்லதல்ல. மெல்லிய ரப்பர் கையுறைக்குள்ளும் மணல் நெருடுவது விரலுக்கு நன்றாகவே தெரியும்.

கண்ணுக்கும் மூக்கிற்கும் எட்டாத ஒன்றை ஓட்டுகிறவரின் கால் சொல்லும். 20டபிள்யூ-50 ஆயிலைச் சூட்டிலும் கெட்டியாக வைத்திருப்பது அதில் கலந்த பாலிமர் சரக்கு. கியர் பற்கள் அதை வெட்டி வெட்டிச் சிறிதாக்கிவிடும். பார்வைக்கு ஆயில் அப்படியே இருக்கும், ஆனால் இளகியிருக்கும். அப்போது கியர் விழுவது முரடாகும். மாற்றும்போது நடுவில் நழுவி நியூட்ரலில் நிற்கும். எங்கள் வழிகாட்டிப் பையன்கள், முன்னால் ராப்டர் ஓட்டிக்கொண்டு சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப் போகிறவர்கள், மாலையில் வந்து "கியர் சண்டித்தனம் பண்ணுது பாய்" என்றால் நான் கிளட்ச் கேபிளைப் பார்த்துவிட்டு அடுத்தபடியாக வண்டிகளின் மணிக்கணக்கு எழுதும் நோட்டைப் புரட்டுவேன். பெரும்பாலும் 30 மணியைத் தாண்டிய வண்டியாக இருக்கும். ஆயில் வாங்கும்போது டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கிற சரக்கு சேர்த்திருப்பார்கள். ஆயிலில் ஊறுகிற கிளட்ச்சுக்கு உராய்வுதான் வேலையே. அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

ராப்டரின் ஆயிலை அளப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. அது டிரை சம்ப். ஆயில் தனித் தொட்டியில் இருக்கும். ராத்திரி நின்ற வண்டியில் ஆயில் கீழே வடிந்திருக்கும், காலையில் அப்படியே குச்சியை விட்டால் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் அதிகமாகிவிடும். எஞ்சினைச் சூடாக்கி, நிறுத்தி, சில நிமிடம் பொறுத்த பிறகு பார்க்கும் மட்டம்தான் சரி.

எஞ்சின் ஆயிலை எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். மறந்துபோவது யமஹா கிரிஸ்லி மாதிரி நாலு சக்கர இழுவை வண்டிகளின் முன் டிஃபரென்ஷியலும் பின் கியர் பெட்டியும். இவை மாதக்கணக்கில் தொல்லை தராது. ஒரு குளிர்காலத்தில் ஹத்தா பக்கம் மழை பெய்து வாதி என்கிற வறண்ட ஆற்றுப்படுகையில் தண்ணீர் வந்தபோது ஒரு குழு கிரிஸ்லிகளை அதில் இறக்கிவிட்டுத் திரும்பியது. வண்டிகள் நன்றாகத்தான் ஓடின, கழுவி நிறுத்தியும்விட்டார்கள். சேட்டன் மட்டும் ஒவ்வொன்றின் பின் கியர் பெட்டி போல்ட்டையும் என்னைக் கழற்றச் சொன்னார். ஒன்றில் வந்த ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தது. ஓடிச் சூடேறிய பெட்டி தண்ணீரில் முங்கியதும் சட்டென்று குளிர்ந்து, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருந்து இழுக்கும். பிரீதர் குழாய் மேலே சரியாக இருந்தால் காற்றை இழுக்கும். அந்த வண்டியில் குழாய் கழன்று கீழே தொங்கியிருந்தது, தண்ணீரை இழுத்துவிட்டது. ஆயிலை இறக்கி, புதிதாக ஊற்றி, சிறிது ஓட்டி, அதையும் இறக்கி மீண்டும் ஊற்றினோம். அப்படியே விட்டிருந்தால் பேரிங்குகள் துருப்பிடித்திருக்கும். சத்தம் கேட்கிறபோது பெட்டியே போயிருக்கும். தண்ணீரில் அச்சு அளவு முங்கிய வண்டிக்கு மணிக்கணக்கே கிடையாது, அன்றைக்கே திறந்து பார்க்க வேண்டும். மணலிலும் இதே குழாய் அடைத்துக்கொள்ளும். அப்போது சூட்டில் விரிந்த காற்று போக வழியில்லாமல் சீலைத் தள்ளி ஆயிலைக் கசிய விடும். சீலை மாற்றிவிட்டுக் குழாயை ஊதாமல் விடுகிற பட்டறைகளில் அதே சீல் மறுபடி கசியும்.

பிரேக் ஆயில் வேறு சாதி. மணலில் பிரேக்குக்கு வேலை குறைவு, ஆக்ஸிலரேட்டரை விட்டாலே வண்டி நின்றுவிடும். ஆனால் பிரேக் ஆயில் ஓடித் தேய்வதில்லை, சும்மா இருந்தே ஈரம் குடிக்கிறது. டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 155 இருந்தால் போதும் என்பது தர அளவு. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் அதை மாற்றுவதற்குக் காரணம். எனவே இரண்டு வருடக் கணக்கு, ஓடினாலும் ஓடாவிட்டாலும். திறந்து வைத்த பாட்டிலில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றக் கூடாது. கூலன்ட்டுக்கும் பெரும்பாலும் இரண்டு வருடம்தான். இங்கே அதைவிட ரேடியேட்டர் இதழ்களில் அடைத்த மணலை ஊதி எடுப்பதுதான் எஞ்சினைக் காப்பாற்றுகிறது.

இத்தனை அறிகுறிகளும் தெரிந்த பிறகு ஒரு ஆசை வரும். ஆயில் நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் பத்து மணி நேரம் ஓடட்டும் என்று. சேட்டன் இதற்கு இடம் கொடுக்கவே மாட்டார். "பாத்துட்டு முன்னாடி மாத்தலாம். பாத்துட்டுத் தள்ளிப் போடக் கூடாது." எனக்கும் இதுதான் சரியென்று படுகிறது. மணல், தண்ணீர், பெட்ரோல், உலோகத்தூள் இவற்றைக் கண்ணும் விரலும் கண்டுபிடிக்கும். ஆயிலில் அமிலத்தை முறிக்கிற சரக்கு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை எந்த விரலாலும் தொட்டுப் பார்க்க முடியாது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். அது தெரியாதபோது கையேட்டின் எண்தான் நமக்குள்ள ஒரே பாதுகாப்பு.

மே மாதம் வெயில் ஏறிச் சீசன் ஓய்கிறபோது இந்த விஷயத்தில்தான் முதலாளிகளோடு வாக்குவாதம் வரும். எப்படியும் நாலு மாதம் நிற்கப் போகிற வண்டிக்கு இப்போது எதற்குப் புது ஆயில், அக்டோபரில் மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். நான் மேயிலேயே மாற்றச் சொல்வேன். பழைய ஆயிலிலுள்ள அமிலமும் ஈரமும் அந்த நாலு மாதமும் பேரிங்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். இப்போது புதிதாக ஒரு கேள்வியும் வருகிறது: விலையுயர்ந்த முழுச் சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் 40-ஐ 60 ஆக்கலாமா? சிந்தெடிக் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் இளகாது, கடும் வெயிலில் நானும் அதையே ஊற்றுகிறேன். ஆனால் ஃபில்டரைத் தாண்டி வந்த மணலை அது ஒன்றும் செய்யாது. ஆகவே எங்கள் நோட்டில் ராப்டருக்கு இன்றும் 40 மணிதான்.