சேதி போகும் கம்பியிலேயே மின்சாரம்

தரைவழி போன் இருந்த வீட்டுக்காரர்களுக்கு நினைவிருக்கும். கரண்ட் போனாலும் போன் போகாது. எக்ஸ்சேஞ்சில் இருந்த 48 வோல்ட் பேட்டரியிலிருந்து, பேச்சு போகிற அதே இரட்டைக் கம்பியில் மின்சாரமும் வந்துகொண்டிருந்தது. பழைய கம்ப்யூட்டரில் சீரியல் போர்ட்டில் மாட்டும் மவுஸும் அப்படித்தான். அதற்கென்று தனி மின்கம்பி கிடையாது. சைகைக்காக இருந்த கம்பிகளிலிருந்தே தனக்கு வேண்டிய கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும்.

போன மாதம் இந்த விஷயம் புது வேஷத்தில் வந்தது. என்னிடம் படித்த ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மகள் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். வீடு எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடு, கடை முகப்பில், அப்பத்தா பின்கட்டில். அப்பத்தாவுக்குப் பக்கவாதம். ஒருநாள் கட்டிலிலிருந்து சரிந்து, அரைமணி நேரம் தரையிலேயே கிடந்திருக்கிறார். கூப்பிட்டிருக்கிறார், மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அந்தப் பெண் இரண்டு ஆர்டுயினோ நானோ போர்டு வாங்கினாள். அப்பத்தா பொத்தானை அழுத்தினால் கடையில் பஸ்ஸர் அடிக்கும். கடையிலிருந்து பதிலுக்கு அழுத்தினால் அப்பத்தா அறையில் சிவப்பு விளக்கு எரியும், 'வர்றோம்' என்று அர்த்தம். ஒரு காலிங் பெல் போதாதா என்று கேட்பீர்கள். தான் கூப்பிட்டது கேட்டதா என்று படுத்திருப்பவருக்குத் தெரிய வேண்டாமா?

பின்கட்டில் இன்வெர்ட்டர் லைன் இல்லை. அதனால் நான்கு கம்பி உள்ள மெல்லிய கேபிளில் இரண்டு சேதிக்கு, ஒன்று 5 வோல்ட்டுக்கு, ஒன்று கிரவுண்டுக்கு என்று இழுத்துவிட்டாள். மேஜைமேல் அருமையாக வேலை செய்தது. 25 மீட்டர் தள்ளிப் போனதும், விளக்கு எரியும்போது அப்பத்தா மறுபடி அழுத்தினால் கடைக்கு வந்தது கிறுக்கல் எழுத்து.

"புரோகிராம்ல தப்பு இருக்கா, தாத்தா?" என்று வந்து நின்றாள். மல்ட்டி மீட்டரை எடுத்துவரச் சொன்னேன்.

கம்பியின் விட்டம் 0.4 மில்லிமீட்டர். 25 மீட்டருக்கு 3.4 ஓம். மின்சாரம் போனால் திரும்பியும் வர வேண்டுமே, ஆக 6.8 ஓம். விளக்கு எரியும்போது ஓடியது 200 மில்லி ஆம்பியர். பெருக்கினால் கிட்டத்தட்ட 1.4 வோல்ட் வழியிலேயே காலி. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது 3.6. அந்த போர்டு ஓடுகிற 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்குச் சுமார் 3.8 வோல்ட்டாவது வேண்டும். ஒன்பதாண்டுகளுக்கு முன் நான் கரும்பலகையில் போட்ட ஓம் விதிதான், வேறொன்றுமில்லை.

இதைவிட மோசம் கிரவுண்டு கம்பி. இழப்பில் பாதி அதில்தான். அந்த முனையின் பூஜ்யம் இந்த முனையின் பூஜ்யத்தைவிட 0.7 வோல்ட் மேலே ஏறி நிற்கிறது. சேதியை அளக்கிற அளவுகோலே நகர்ந்துபோனால் எப்படிப் படிப்பது?

கடை இன்வெர்ட்டரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராக எடுத்து அனுப்பினோம். பின்கட்டில் ஒரு சின்ன பக் கன்வெர்ட்டர் அதை 5 ஆக்குகிறது. வோல்ட் கூடினால் அதே வேலைக்கு ஆம்பியர் குறையும். கேபிளையும் மாற்றினோம், எட்டு கம்பி உள்ள லேன் கேபிள்: மூன்று மின்சாரத்துக்கு, மூன்று கிரவுண்டுக்கு, இரண்டு சேதிக்கு. இப்போது இழப்பு கால் வோல்ட்டுக்கும் குறைவு. (வாங்கும்போது செம்பா என்று கேளுங்கள். செம்பு பூசிய அலுமினியம் நிறைய விற்கிறது.) பேட்டரி பக்கத்தில் 1 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம். அந்தப் பேட்டரியில் ஷார்ட் ஆனால் கம்பி பழுத்துவிடும்.

பிறகுதான் எனக்குப் பயம் தந்த விஷயம். சோதிக்க வேண்டி மின்சாரக் கம்பிகளை மட்டும் கழற்றச் சொன்னேன். அப்பத்தா பக்கத்து போர்டில் குட்டி விளக்கு அணையவில்லை, மங்கலாக எரிந்தது!

"பேய் புடிச்சிருக்கா தாத்தா?"

பேய் இல்லை. சீரியல் கம்பி சும்மா இருக்கும்போது 5 வோல்ட்டில்தான் நிற்கும். அது சிப்பின் பாதுகாப்பு டையோடு வழியாக உள்ளே நுழைந்து போர்டை அரை உயிரில் வைத்திருக்கிறது. பார்த்தால் உயிரோடு இருப்பது போலிருக்கும், அழுத்தினால் சேதி போகும் என்று சொல்ல முடியாது. வேறு எந்தத் திட்டத்தில் இது நடந்தாலும் சிரித்துவிட்டுப் போகலாம்.

சேதிக் கம்பிகளில் ஆளுக்கொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டோம். உள்ளே கசிவது சில மில்லி ஆம்பியரோடு நின்றது. அதோடு, பின்கட்டு போர்டு 2 விநாடிக்கு ஒருமுறை ஓர் எழுத்து அனுப்ப வேண்டும். 10 விநாடி வராவிட்டால் கடையில் பஸ்ஸர் தானாக அலறும். இது முழுக்க அவள் யோசனை. வேகத்தையும் 9600-லிருந்து 2400-க்குக் குறைத்துவிட்டாள். ஒரு பொத்தானுக்கு அதுவே அதிகம்.

மூன்று வாரமாக ஓடுகிறது. இடையில் ஒருநாள் பஸ்ஸர் தானாகவே அலறி, ஓடிப் போய்ப் பார்த்தால் எலி கேபிளைக் கடித்திருந்தது. இப்போது பிவிசி பைப்புக்குள் விட்டிருக்கிறோம். பொத்தான் சின்னதாக இருக்கிறது, இடது கைக்கு அகப்படவில்லை என்கிறார் அப்பத்தா. உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று தேடிக்கொண்டிருக்கிறாள்.