பொதியில் கட்டிய ஓலை

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் நமது பங்கு இல்லத்துத் திண்ணையில் சில பொருட்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன. தையற்கடைகளிலிருந்து ஒரு சாக்கு நிறைய வெட்டுத்துணி. பனையேறும் பெரியவர் ஒருவர் தோளில் சுமந்துவரும் ஓலைக்கட்டு. ஒரு பிடி பனைநார். கிறிஸ்து பிறப்பு விழாவில் முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் வழங்கப்படும் பொதிகளில் கட்டுவதற்கான பெயரோலைகள் இவற்றிலிருந்தே உருவாகின்றன. அவற்றைக் கண்ட அயற்பங்கு மக்கள் சிலர் செய்முறையை எழுதியனுப்புமாறு கேட்டுள்ளனர். எழுதுவதில் நமக்குத் தடையில்லை. ஆனால் இந்தக் கைவேலை நாம் செய்த தவறொன்றிலிருந்து பிறந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுவதே முறை.

2019-ஆம் ஆண்டு விழாவுக்காக 62 பொதிகள் ஆயத்தமாயின. ஒவ்வொன்றிலும் ஒரு சேலை அல்லது வேட்டி, ஒரு போர்வை, இரண்டு கிலோ அரிசி, ஒரு சிறு கேக். செலவின் பெரும்பகுதியை வெளியூரில் தொழில் செய்யும் அன்பர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். பொதிகளில் கட்டுவதற்கென்று பளபளக்கும் அட்டைகளையும் அவரே அச்சிட்டு அனுப்பினார். ஒரு பக்கம் அவருடைய நிழற்படமும் பெயரும். மறுபக்கம் வரிசை எண். தயக்கம் ஏதுமின்றி நாம் அவற்றைக் கட்டினோம். எண் இருப்பது கணக்குக்கு வசதி என்று மகிழவும் செய்தோம். திருப்பலி முடிந்ததும் ஒலிபெருக்கியில் எண்களை வாசித்தோம். எண்ணுக்குரியவர் எழுந்து வந்து, பொதியை வாங்கி, நிழற்படத்துக்கு நின்று, இறங்கிப் போனார்.

நாற்பத்தொன்று என்று மும்முறை அழைத்தும் எவரும் வரவில்லை. அன்று மாலை ஒரு மூதாட்டி பங்கு இல்லத்துக்கு வந்தார். தேரிக்காட்டு ஓரத்தில் கணவரோடு ஆண்டுக்கணக்கில் கருப்பட்டி காய்ச்சியவர். அமரச் சொல்லியும் அமரவில்லை.

“போர்வை வேணாம்னு சொல்ல வரலை, சாமி. குளிருது, வேணும். ஆனா இந்த அட்டையில இருக்கிற ஐயாவை எனக்குத் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது. நாப்பத்தொண்ணுன்னு கூப்பிட்டா நான் எப்படி எந்திரிப்பேன்? எனக்குப் பேரு வச்சிருக்காங்கல்ல?”

இவ்வளவு சொல்லிவிட்டு, பொதியிலிருந்து அட்டையை அவிழ்த்து நம் மேசைமீது கவிழ்த்து வைத்தார். பொதியை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பங்குக்கு நாம் வந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரைக் ‘கருப்பட்டிப் பாட்டி’ என்றே அறிவோம். பெயர் யாதெனக் கேட்க வெட்கமாயிருந்தது, கேட்கவில்லை.

கொடுப்பவர் பெயரை எழுதும் வழக்கம் நம் நாட்டில் எத்துணை வேரோடியது என்பதை யாவரும் அறிவர். ‘உபயம்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, எழுதியதாலேயே வெளிச்சம் பாதியாய்க் குறைந்த குழல்விளக்குகளை எத்தனை இடங்களில் கண்டிருக்கிறோம்! மின்விசிறியின் இறக்கையில் எழுதியவர்கள் பாவம். விசிறி ஓடும்போது அவர்கள் பெயரை எவரும் வாசிக்க இயலாது. தர்மம் செய்கையில் வலக்கையும் இடக்கையும் எவ்வாறு இருக்கவேண்டும் என்ற நற்செய்திப் பகுதியை நாம் ஆண்டுதோறும் சாம்பல் புதனன்று பீடத்தில் நின்று வாசிக்கிறோம். வாசித்த அதே வாய்தான் ஒலிபெருக்கியில் எண்களையும் வாசித்தது.

அடுத்த ஆண்டு, 2020-இல், கொரோனா காரணமாகக் கூட்டம் கூட்ட இயலவில்லை. இளைஞர்கள் பொதிகளை வீடு வீடாகக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு பொதியிலும் உரியவர் பெயர் இருந்தாக வேண்டும். பெயர்ப்பட்டியல் எழுத அமர்ந்தோம். 62 பேரில் 23 பேரின் பெயர் எங்கள் எவருக்கும் தெரியவில்லை. இன்னாருடைய அம்மா, மேலத்தெருப் பாட்டி, கிணற்றடிக்காரி என்று பட்டியல் நீண்டது, பெரும்பாலும் பெண்கள். பழைய திருமுழுக்குப் பதிவேடுகளை இறக்கினோம். அவை இலத்தீனில் எழுதப்பட்டவை. குருமடத்தில் கற்ற இலத்தீன் இப்படியொரு வேலைக்குப் பயன்படும் என்று நாம் எண்ணியதில்லை. பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், ஊர் ஆகியவற்றை ஒப்பிட்டு இரண்டு இரவுகளில் 19 பெயர்களைக் கண்டோம். எஞ்சியோர் வேற்றூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அவர்களை நேரில் சென்று கேட்டோம். கருப்பட்டிப் பாட்டியின் பெயர் 1942-ஆம் ஆண்டின் பக்கத்தில் இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை, அது அவருடையது.

பெயர் கிடைத்தது, எதில் எழுதுவது? அச்சகம் மூடியிருந்தது. மாதர் சங்கத்தில் தையற்கடை நடத்தும் சகோதரி ஒருவர், கடையில் வெட்டுத்துணி குவிந்து கிடக்கிறது என்றார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஊரைச் சுற்றிப் பனையை வைத்துக்கொண்டு அட்டை தேடுகிறீர்களே என்று நகைத்தார். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். நம் கடலோரத்து மணப்பாட்டுப் பெண்கள் ஓலையில் பெட்டியும் கூடையும் முடையும் திறனைப் பலரும் அறிவர். குருத்து ஞாயிறன்று ஓலையில் சிலுவை முடையாத பிள்ளை நம் பங்கில் இல்லை. எனினும் நமக்கு இது தோன்றவில்லை.

இனிச் செய்முறை. முற்றி உலர்ந்த காவோலை ஒடியும், ஆகாது. விரியாத குருத்து மென்மையானது, நிறமும் தந்தம்போல் இருக்கும். ஆனால் ஒரே மரத்தில் மீண்டும் மீண்டும் குருத்தை வெட்டினால் மரம் நலியும். எனவே குருத்தை அடுத்து விரிந்த இளவோலையையே கேட்டு வாங்குகிறோம். ஈர்க்கை நீக்கி, இரண்டு விரல் அகலமும் ஐந்து விரல் நீளமுமாய் நறுக்கி, மஞ்சள் கலந்த நீரில் அரைமணி நேரம் வேகவைக்க வேண்டும். ஓலை பதப்படும், பூச்சியும் அண்டாது. பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் சுருண்டுவிடும். முதல் ஆண்டு அவசரப்பட்டு வெயிலில் போட்டு ஐம்பது ஓலைகளை இழந்தோம். பாதி ஈரத்தில் எடுத்துப் பாரத்துக்கடியில் இரண்டு நாள் வைத்தால் தட்டையாகும். நம்மிடம் இருந்த பாரம் அந்தப் பதிவேடுகள்தாம். இடையே காகிதம் வைத்தோம் என்பதை ஆயரவர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

எழுத்தாணிக்கு எங்கே போவது? பள்ளிப்பிள்ளைகளின் கணிதப்பெட்டியிலுள்ள கவராயத்தின் முள் போதும். முனையைக் கல்லில் தேய்த்துச் சற்று மழுக்கிக்கொள்ள வேண்டும். அழுத்தினால் ஓலை பொத்துப்போகும். அழுத்தாவிட்டால் மை ஏறாது. இந்தப் பயத்தினால்தான் பழங்காலத்தில் ஏடெழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகரத்தையும் ஏகாரத்தையும், ஒகரத்தையும் ஓகாரத்தையும் அன்றைய சுவடிகளில் பிரித்தறிவது கடினம். அவற்றுக்கு வேறு வேறு வடிவம் தந்த பெருமை வீரமாமுனிவருக்கு (1680–1747) உரியது. நாமும் புள்ளியை விட்டுவிடலாம் என்றுதான் தொடங்கினோம். ஆனால் ‘அம்மாள்’ என்பது ‘அமமாள’ என்று நின்றது. பெயரைத் தேடி இரண்டு இரவு விழித்தது இதற்காகவா? ஆசிரியர் ஓர் உபாயம் சொன்னார். புள்ளியைக் குத்தாமல், முள்ளைச் சாய்த்துச் சிறு வட்டமாய்ச் சுழற்ற வேண்டும். கை பழகப் பத்து ஓலை பாழாகும், பிறகு வந்துவிடும்.

எழுதி முடித்த ஓலை பார்வைக்கு வெறுமையாகவே இருக்கும். நல்லெண்ணெய் விளக்கின் சுடருக்குமேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்துச் சேர்த்த கரியை, சிறிது எண்ணெயில் குழைத்து ஓலைமுழுதும் பூசி, உடனே துணியால் துடைத்தெடுக்க வேண்டும். மை கீறலில் மட்டும் தங்கும். கண்ணெதிரே ஒரு பெயர் வெளிப்பட்டு வரும் அந்த நொடிக்காகவே பிள்ளைகள் இவ்வேலைக்குப் போட்டியிடுகின்றனர்.

துணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பருத்தியே ஏற்றது. ஐயமிருந்தால் ஒரு நூலை உருவித் தீயில் காட்டுக. பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கருமணியாய்ச் சுருளும். வடித்த கஞ்சியில் தோய்த்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, ஓலையைவிடச் சிறிது பெரிதாய் இரண்டு துண்டுகள் நறுக்கிச் சேர்த்துத் தைக்க வேண்டும். அதன்மேல் ஓலையைப் பொருத்தும்போது துளைகள் நரம்பின் போக்கில் ஒரே வரிசையாய் அமைந்தால் ஓலை பிளந்துவிடும். மாற்றி மாற்றி இடுக. முதலில் மைதாப் பசையால் ஒட்டினோம். புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பிள்ளைகள் கைபடும் வேலை என்பதால் அந்த நஞ்சைத் தவிர்த்தோம்; ஒரே வாரத்தில் பாச்சைகள் பசையைத் தின்றுவிட்டன. அன்றுமுதல் ஊசியும் நூலுமே. அழகுக்குக் குன்றிமணி கோக்கலாம் என்றனர் இளம்பெண்கள். கண்ணைப் பறிக்கும் அழகுதான். ஆனால் கடித்து விழுங்கினால் உயிருக்கே கேடு. பேரப்பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் போகும் பொதி என்பதால் அதுவும் வேண்டாமென்றோம். நனைத்த பனைநாரில் இறுக்கிய ஒரு முடிச்சே போதும் என்பது நமது கருத்து.

ஓலையில் பெயரெழுதிக் கட்டுவது புதுமையன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன. அதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் ஒன்றை ஆசிரியர் சொல்லியே அறிந்தோம்: முப்பது குடும்புகளின் பெயரோலைகளையும் தனித்தனியே கட்டி, எந்தக் குடும்பினுடையது என்று காட்ட ஒவ்வொரு கட்டிலும் ஒரு ‘வாயோலை’ பூட்டினராம். அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்திய கீழடிப் பானையோடுகளில் ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. அப்பெயர்கள் பானைக்கு உரியவர்களுடையவை என்பர். அதில் கஞ்சி வார்த்துக் கொடுத்தவர் யாரென்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

இனி, அட்டை அனுப்பிய அன்பரைப் பற்றி. இவ்வாண்டு அட்டை வேண்டாம் என்று 2020-இல் அவருக்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். சற்று நேரம் பேசாதிருந்தார். “நான் கொடுத்ததை என் கூட்டாளிகளுக்கு எதைக் காட்டி நிரூபிப்பேன், ஃபாதர்?” என்றார். நியாயமற்ற கேள்வி என்று சொல்வதற்கில்லை. கணக்கையும் ரசீதையும் அனுப்புவதாகச் சொன்னோம். அவ்வாண்டு பாதித் தொகை வந்தது. அடுத்த ஆண்டு வரவில்லை. போர்வைக்குப் பதிலாகத் துண்டு வைத்தோம். ஒரு முதியவர் தம் பெயரோலையைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு பொதியைப் பிரித்துவிட்டு, “பேரு நல்லாயிருக்கு சாமி. போர்வை எங்க?” என்றார். அதற்கு நம்மிடம் விடையில்லை. அன்றிரவு நல்ல குளிர். நமக்கு உறக்கம் வரவில்லை. 2022-இல் பங்கு மக்கள் ஆளுக்குக் கொஞ்சமாய்ச் சேர்த்ததில் போர்வை திரும்பி வந்தது. அதுவும் எல்லோருக்குமன்று, எண்பது வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும். நாம் செய்தது சரியா என்று கேட்டால், அட்டை விஷயத்தில் சரி என்போம். போர்வை விஷயத்தில் அந்த முதியவர் பக்கமே நிற்போம்.

2023-ஆம் ஆண்டு ஆவணியில் அம்மூதாட்டிக்கு நடமாட்டம் குறைந்தது. நோயுற்றோர்க்கு நற்கருணை கொண்டுசெல்லும் நாளில் அவர் வீட்டுக்கும் சென்றோம். வாசற்படியில் நின்று, பதிவேட்டில் கண்ட பெயரைச் சொல்லி அழைத்தோம். உள்ளிருந்து “வாங்க சாமி” என்று குரல் வந்தது. செபமாலையை எடுக்கத் தலைமாட்டிலிருந்த தகரப்பெட்டியைத் திறந்தார். பெட்டிச் சாவியில் மூன்று பெயரோலைகள் கோத்திருந்தன. கைபட்டுக் கைபட்டு ஓலை மெருகேறி, எழுத்து முன்னிலும் கருமையாய் நின்றது. நாம் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

“எழுத்து அப்படியே இருக்கு, சாமி. பின்னால வச்ச மஞ்சத்துணிதான் வெளுத்துப்போச்சு. நல்ல சாயமாப் போடக்கூடாதா?”

குறை உண்மையே. மஞ்சள் சாயம் வெயிலுக்கு நிற்காது. படிகாரம் சேர்த்துக் காய்ச்சினால் மாதுளம்பழத் தோல் அதனினும் உறுதியான மஞ்சளைத் தரும். பேருந்து நிலையத்துப் பழச்சாற்றுக் கடைக்காரரிடம் தோலை எறிந்துவிட வேண்டாமென்று அன்று திரும்பும் வழியிலேயே சொல்லிவைத்தோம்.