மிதித்த பாத்தியும் மகனின் பந்தயக் காரும்



மதரஸாவில் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒருவன் பிள்ளைகள் ஓட்டும் ரிமோட் காரைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று தாங்கள் வியப்படையக் கூடும். கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன் நான். இயந்திரங்களுக்கும் எனக்கும் இருந்த உறவு சைக்கிளுக்குக் காற்றடிப்பதோடு முடிந்து போயிருந்தது. ஆயினும், ஒரு முழத்திற்கும் சற்றுக் குறைவான நீளமுள்ள ஒரு கார் இந்த ஒன்றரை ஆண்டில் எனக்குச் சில பாடங்களைக் கற்றுத் தந்தது. பிள்ளைகளைப் பெற்றவர்களான தங்களிடம் அவற்றைச் சொல்லாமல் இருப்பது முறையன்று எனத் தோன்றியதால் எழுதுகிறேன்.

என் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வில் நான் எதிர்பார்த்த மதிப்பெண்களைப் பெறவில்லை. உறவினர் பலர் கூடியிருந்த ஒரு விருந்தில், அனைவர் காதிலும் விழும்படி அவனைக் கடிந்து கொண்டேன். அன்று முதல் அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். “சரி அத்தா”, “இல்லை அத்தா” என்பவற்றைத் தாண்டி வேறு சொல் வரவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பிப்பவன், சொந்த வீட்டில் பேச்சற்றுப் போனேன்.

அச்சமயத்தில்தான் துபாயிலிருந்து விடுமுறையில் வந்த மச்சான் அவனுக்கு அந்தக் காரைக் கொடுத்தார். கரடுமுரடான தரையில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட அவ்வகைக் காரைப் ‘பக்கி’ என்கிறார்கள். 1960களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பழைய ஃபோக்ஸ்வாகன் கார்களின் மேற்கூட்டை நீக்கி மணல்மேடுகளில் ஓட்டினார்கள். அந்த வண்டிகளுக்கு வழங்கிய பெயர் இது. ஜப்பானின் ஷிசுவோகா நகரிலுள்ள தமியா நிறுவனம் 1979இல் ‘சாண்ட் ஸ்கார்ச்சர்’ என்னும் பெயரில் பத்தில் ஒரு பங்கு அளவிலான பக்கியை வெளியிட்டது. 1984இல் அந்நிறுவனமே ‘கிராஸ்ஹாப்பர்’, ‘ஹார்னெட்’ என்ற எளிய வண்டிகளைக் கொண்டுவர, உலகெங்கும் சிறுவர் கைகளில் அவை தவழ்ந்தன. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் அசோசியேட்டட் நிறுவனம் அலுமினிய அடித்தட்டும் எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பரும் கொண்ட ‘ஆர்சி 10’ வண்டியைப் பந்தயத்திற்கென்றே செய்தது. 1985இல் கலிபோர்னியாவில் இவ்வளவு வண்டிகளுக்கான முதல் உலகப் போட்டியும் நடந்தேறியது. பெட்டியில் வந்தபடியே ஓட்டுவதோடு நில்லாமல், ஒவ்வோர் உறுப்பாக மாற்றியும் திருத்தியும் மேம்படுத்துவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் சுவை.

மகனின் மனத்தைத் திரும்பப் பெற எனக்கு ஒரு குறுக்கு வழி தோன்றிற்று. சென்னைக்குச் சென்ற நண்பரிடம் பணம் கொடுத்து, இன்னும் விசை மிகுந்த மோட்டாரும், அதன் அச்சில் பொருத்தும் பெரிய பினியன் சக்கரமும் வாங்கிவரச் செய்தேன். “இந்த மாதச் சம்பளத்தில் இது அவசியந்தானா?” என்று இல்லத்தரசி கேட்டாள். “பிள்ளை சிரித்தால் போதும்” என்றேன். நான் பொருளைக் கொடுத்து மன்னிப்பை வாங்கப் பார்த்தேன் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

எங்கள் வானூர் செம்மண் பூமி. மதரஸாவிற்குப் பின்னாலுள்ள காலி மனையில் வண்டியை விட்டோம். ஐந்து நிமிடத்தில் மோட்டார் தொட முடியாதபடி சுட்டது. மேடு பள்ளங்களில் வண்டி தவளைபோல் துள்ளிக் குப்புற விழுந்தது. மகன் ஒன்றும் பேசாமல் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் கடைத்தெருவில் இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் தம்பியிடம் வண்டியைக் காட்டினேன். அவர் மோட்டாரைப் பார்க்கவே இல்லை. வண்டியைத் தூக்கிப் பிடித்துப் பின்சக்கரத்தை விரலால் சுழற்றினார். அது ஒரு சுற்றுக்கூட முழுமையாகச் சுற்றாமல் நின்றது. “பாய், சக்கரமே சுத்தலை. மோட்டாரைப் பெருசாக்கி என்ன பண்றது? அது சக்கரத்தோட சண்டைதான் போடும்” என்றார். அச்சைத் தாங்கிய பிளாஸ்டிக் வளையங்களுக்குள் செம்மண் புகுந்து இறுகியிருந்தது. பெரிய பினியனோ தட்டையான தரையில் அதிக வேகம் தருவது. குழிகளும் புழுதியும் நிறைந்த தரையில் அது மோட்டாரின் மேல் சுமையைத்தான் ஏற்றும்.

அந்த இரவு பழைய மோட்டாரையும் சிறிய பினியனையும் மீண்டும் பொருத்தினோம். பிளாஸ்டிக் வளையங்களை எடுத்துவிட்டுச் சிறு குண்டு பேரிங்குகளை வைத்தோம். விலையோ புதிய மோட்டாரின் விலையில் சிறு பங்கு. சக்கரத்தைச் சுண்டினால் ஓசையின்றி நெடுநேரம் சுற்றியது. மகன் முகத்தில் அன்று ஒரு கீற்றுப் புன்னகையைக் கண்டேன்.

அடுத்து ஷாக் அப்சார்பர். வெறும் ஸ்பிரிங் மட்டும் இருந்தால், அமுங்கிய வேகத்திலேயே வண்டியை மேலே தள்ளிவிடும். அந்தத் துள்ளலை அடக்குவது எண்ணெய். குழாய்க்குள் இருக்கும் பிஸ்டனின் நுண்துளைகள் வழியே எண்ணெய் மெல்லப் புகும்போது துள்ளும் வேகம் தணிகிறது. எண்ணெய் மிகவும் நீர்த்ததாயிருந்தால் துள்ளல் நிற்காது. மிகவும் கெட்டியாயிருந்தால் சக்கரம் பள்ளத்தைத் தொடர்ந்து இறங்காமல் அந்தரத்தில் ஓடும். மூன்று வகை எண்ணெய்களை ஊற்றிப் பார்த்தோம். விடியலில் சரியாயிருந்த எண்ணெய், உச்சி வெயிலில் இளகி நீர்த்துப்போவதையும் கண்டோம்.

“ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்” என்பது இக்கலையின் முதல் விதி. இரண்டை ஒருசேர மாற்றினால் நன்மை எதனால் வந்தது, தீமை எதனால் வந்தது என்று அறிய முடியாது. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். அஸருக்குப் பிறகு அவன் வண்டியை ஓட்டுவான், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொல்வேன், அவன் எழுதுவான். வண்டி நாளுக்கு நாள் திருந்தியது. ஆனால் அவன் என்னிடம் பேசியதெல்லாம் வண்டியைப் பற்றி மட்டுமே.

பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் ஒருநாள், மரக்காணத்திற்குச் செல்லும் வேலை ஒன்று வந்தது. மகனையும் வண்டியையும் உடன் அழைத்துச் சென்றேன். சாலையோரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளங்கள். நீர் கட்டாத ஒரு பாத்தி, மேசைபோல் வழுவழுப்பாகக் கிடந்தது. “அத்தா, இங்கே விட்டுப் பார்க்கலாமா?” என்றான். வெற்று நிலந்தானே என்றெண்ணி நானும் தலையசைத்தேன்.

வண்டி அம்பெனப் பறந்தது. நான்கே சுற்று. வரப்பின் மேல் ஒரு மூதாட்டி ஓடிவந்தார். “அய்யோ தம்பி, நிறுத்துப்பா! அது மைதானம் இல்லை. எத்தனை நாளாக் காலால மிதிச்ச பாத்தி!” என்று கதறினார். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். டயரின் முட்கள் தரையைக் கீறிக் கோடு கோடாகக் கிளறிப் போட்டிருந்தன.

உப்பு விளைவதற்குமுன் பாத்தியின் களிமண் தரையைத் தொழிலாளர்கள் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். இறுகாத தரை உப்புநீரை உறிஞ்சிவிடும். வாரும்போது சேறும் கலந்து உப்பின் வெண்மை கெடும். நாங்கள் நான்கு சுற்றில் அழித்தது அவர்களின் பல நாள் உழைப்பு.

வெட்கத்தால் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. சட்டைப்பையில் கைவிட்டுப் பணத்தை நீட்டினேன். அந்த அம்மா அதைத் தொடவில்லை. “காசு மண்ணை இறுக்குமா பாய்? கால் இருக்குதில்லே, மிதிச்சுக் கொடுத்துட்டுப் போங்க” என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் இறங்கினோம். அந்த அம்மா காட்டிக் கொடுத்தபடி, கிளறிய மண்ணில் நீர் தெளித்துக் குதிகாலால் அழுத்தி, அடிமேல் அடி வைத்து நகர்ந்தோம். அரைமணி நேரத்தில் எனக்குக் கெண்டைக்கால் வலித்தது. பாதத்தில் இருந்த சிறு வெடிப்புகளில் உப்பு புகுந்து எரிந்தது. ஆண்டின் பாதிக்கும் மேலாக இதில் நிற்பவர்களின் கால்களை நினைத்துப் பார்த்தேன்.

அப்படி அருகருகே மிதித்துக் கொண்டிருக்கையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிராத அந்நிலையில், என் வாயிலிருந்து அச்சொல் வந்தது. “அன்றைக்கு எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டியது என் தவறு, தம்பி.” அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “மார்க் குறைந்ததற்கு நானும் அழுதேன் அத்தா. நீங்கள் கேட்கவே இல்லை” என்றான். அதற்குமேல் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மிதிக்க வேண்டிய இடம் இன்னும் நிறைய இருந்தது.

வாசகர்களே! உப்பளம் வண்டியையும் தண்டிக்காமல் விடவில்லை. மனக் கலக்கத்தில் அதைத் துடைக்க மறந்து வைத்துவிட்டோம். ஒரு வாரத்தில் பேரிங்குகள் துருப்பிடித்துக் கரகரத்தன. கடற்கரைப் பகுதியில் இத்தகைய வண்டி வைத்திருப்போர், ஓட்டி முடித்ததும் மின்னணுப் பகுதிகளில் நீர் படாமல் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, நன்கு உலர்த்தி, பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடவேண்டும். ரிமோட்டை முதலில் போட்டு வண்டியைப் பின்னர் போடுங்கள். அணைக்கும்போது வண்டியை முதலில் அணையுங்கள். மாறிச் செய்தால் வண்டி தறிகெட்டு ஓடக்கூடும். லித்தியம் பாலிமர் பேட்டரியாயின், ஆளில்லாத அறையில் சார்ஜ் ஏற்றாதீர்கள். உப்பிப்போன பேட்டரியை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அது தீப்பற்றக் கூடியது. சாலையிலும், பிறர் உழைத்த நிலத்திலும் வண்டியை இறக்காதீர்கள்.

நான் வாங்கிய விலையுயர்ந்த மோட்டார் இன்றும் அலமாரியில் கிடக்கிறது. வீண்விரயத்தைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் நாளில் அது என் நினைவுக்கு வந்துவிடும். மகன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறான். மதிப்பெண் சற்றுக் கூடியிருக்கிறது, பெரிதாகச் சொல்வதற்கில்லை. ஆனால் பேசுகிறான்.

தங்கள் வீட்டிலும் வாய்திறவாத பிள்ளை ஒருவன் இருக்கக்கூடும். அவனுக்கு இன்னும் பெரிய மோட்டாரை வாங்கித் தருவதற்குமுன், சக்கரம் எங்கே இறுகியிருக்கிறது என்று ஒருமுறை விரலால் சுழற்றிப் பாருங்கள். அங்கே புகுந்திருக்கும் மண் தங்கள் கையால் விழுந்ததாகவும் இருக்கலாம்.

வஸ்ஸலாம்.