முதிய நெருப்பு

கான்டனீஸ் மொழியில் இதன் பெயர் 'லோ ஃபோ தோங்'. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'முதிய நெருப்பின் சாறு' என்று வரும். சோளமாவு கரைத்துக் கெட்டியாக்கி உணவகங்களில் தரப்படும் 'சைனீஸ் சூப்'புக்கும் இதற்கும் உறவில்லை. குவாங்தோங் மாநிலத்திலும் ஹாங்காங்கிலும், அங்கிருந்து குடிபெயர்ந்தோரின் சிங்கப்பூர், மலேசிய வீடுகளிலும் இது மூன்று மணி நேரம் சிறுதீயில் கிடந்து பக்குவமாகிறது. மாலையில் வீடு திரும்புகிறவனுக்குச் சோற்றுக்கு முன்பாக ஒரு கிண்ணம் சூப்பை நீட்டுவார்கள். யாரோ ஒருவர் நண்பகலிலிருந்தே நம்மை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது முதல் மிடறிலேயே தெரிந்துவிடும்.

சிங்கப்பூரில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் என் அடுத்த வீட்டில் வாழ்ந்த மூதாட்டியிடம் இதைக் கற்றேன். ஊர் வழக்கப்படி நான் அவரை 'ஆன்ட்டி' என்றுதான் அழைப்பேன். அவருக்குக் கான்டனீஸும் சந்தை மலாயும் மட்டுமே தெரியும். எனக்கு அந்தச் சந்தை மலாயில் அரைகுறைப் பழக்கம். 'அபி கெச்சில்' என்றால் சிறுதீ. 'துங்கு' என்றால் காத்திரு. பாடம் பெரும்பாலும் இந்த இரண்டு சொற்களில் முடிந்துவிட்டது.

அரைக் கிலோ பன்றி விலா எலும்பு. விலக்குவோர் கோழியெலும்பு கொள்ளலாம். அதைக் குளிர்ந்த நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, ஐந்து நிமிடத்தில் நுரையும் கசடுமான அந்த நீரைக் கொட்டிவிட்டு எலும்பைக் கழுவ வேண்டும். தெளிவு இங்கேதான் தீர்மானமாகிறது. பிறகு மண்சட்டியில் இரண்டரை லிட்டர் நீர், தடித்த வில்லைகளாக அரிந்த 400 கிராம் தாமரைக்கிழங்கு, ஊறிய வேர்க்கடலை ஒரு கைப்பிடி, காய்ந்த கணவாய்த் துண்டு ஒன்று, சிவப்புப் பேரீச்சை ஆறு. பெயர்தான் பேரீச்சை, உண்மையில் அது நம் இலந்தையின் சீன உறவு. கொட்டை உடலுக்குச் சூடு என்று நீக்கிவிடுவார் ஆன்ட்டி. சூடு, குளிர்ச்சி என்று உணவைப் பிரிக்கும் அந்தக் கணக்கை மட்டும் அவர் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இரும்புச் சட்டி ஆகாது. தாமரைக்கிழங்கு அதில் கறுத்துப்போகும். இருபது நிமிடம் நன்கு கொதித்தபின் தீயைக் குறைத்து மூட வேண்டும். உப்பு கடைசியில்தான்.

மஞ்சள் இல்லை, தாளிப்பு இல்லை. தமிழ்க் கைக்கு இதில் கடினமானது ஒன்றும் செய்யாமலிருப்பதுதான். நம் ரசம் நுரை கூடியதும் இறக்கப்பட வேண்டியது. நொடி தவறினால் கெட்டது. இங்கே நொடிகளுக்கு மதிப்பில்லை. எலும்பை ஒட்டிய இணைப்புத் திசு மெல்ல மெல்ல ஊன்பசையாக மாறி நீரில் கலக்க வேண்டும். அதைக் காலத்தைத் தவிர எதுவும் செய்யாது. உதட்டில் லேசாக ஒட்டும் அந்தச் செறிவே அடையாளம். (யூரிக் அமில மூட்டுவாதம் (gout) உள்ளவர்கள் அளவோடு குடிக்க வேண்டும்; நெடுநேரக் கொதியில் பியூரின் மிகுதியாக இறங்கிவிடும்.)

ஆன்ட்டியின் மகன் குடும்பம் ஞாயிறுதோறும் வரும். பேத்திக்கு ஆங்கிலமும் பள்ளியில் படித்த மாண்டரினும் தெரியும், கான்டனீஸ் தெரியாது. இது அந்த வீட்டின் தனிக்கதை அன்று. 1979இல் 'மாண்டரின் பேசுவோம்' இயக்கம் தொடங்கியது. அடுத்துவந்த ஆண்டுகளில் வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் மற்றச் சீன மொழிகள் படிப்படியாக விலக்கப்பட்டன. வீட்டில் அவற்றை அதிகம் பேசுவோர் 2010 கணக்கெடுப்பில் 14.3 விழுக்காடு, 2020இல் 8.7. அதே 2020இல் தமிழுக்கு 2.5 என்பதைப் படித்தபோது அடுத்த வீட்டுச் செய்தி என்று அதைக் கடந்துபோக முடியவில்லை.

பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே இரண்டு சொற்கள் மட்டும் புழங்கின: 'யாம் தோங்', சூப் குடி. பரீட்சைக்கும் காய்ச்சலுக்கும் மனத்தாங்கலுக்கும் அதுவே கேள்வி, அதுவே ஆறுதல். பேத்தி குடிப்பாள், பாட்டி எதிரே அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். தாமரைக்கிழங்கைக் கடித்து இழுத்தால் மெல்லிய நூல்கள் நீளும். கிழங்கு அறுந்தாலும் நூல் அறாது என்பது சீன வழக்கு. பிரிந்தவர்களிடையே எஞ்சும் பற்றைக் குறிப்பது.

ஆன்ட்டி மறைந்த சில மாதங்களுக்குப் பின் பேத்தி என் கதவைத் தட்டினாள். இணையத்தில் குறிப்புகள் ஏராளம், எதுவும் பாட்டியுடையதாக இல்லை என்றாள். ஒரு கான்டனீஸ் வீட்டின் சூப்பை, மலாயில் கேட்டு வைத்திருந்த ஒரு தமிழன், அந்த வீட்டுப் பிள்ளைக்கே ஆங்கிலத்தில் சொல்லவேண்டியதாயிற்று. அளவுகளை அவள் கைபேசியில் குறித்துக்கொண்டாள். வெந்ததை எப்படி அறிவது என்று கேட்டாள். கடலையை நாவால் அழுத்தினால் கரைய வேண்டும் என்றேன். 'துங்கு' என்ற சொல்லை மட்டும் நான் பெயர்க்கவில்லை. பாட்டி வாயில் அதைக் கேட்டிருக்கிறாள், சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். உப்பு சற்றுக் கூடுதல். கடலை கரைந்திருந்தது. நான் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.