கேட்டுக் கொடுப்பது
எங்கள் சிறிய அறக்கட்டளை முதன்முதலில் ஊர்ப் பள்ளிக்கு அனுப்பியது 10 பழைய மடிக்கணினிகள். யோசனை என்னுடையது. அடுத்த ஆண்டு போனபோது அவை பிரிக்காத பெட்டிகளிலேயே இருந்தன. அங்கே வேண்டியிருந்தது பெண்பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை. நாங்கள் கேட்கவே இல்லை.

1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் கேட்டார். மூங்கில் முக்காலி செய்த பெண், மூங்கில் வாங்கக் கடன் தந்த வியாபாரிக்கே அவன் சொன்ன விலைக்கு விற்க வேண்டியிருந்தது. அப்படிச் சிக்கியிருந்த 42 பேருக்கும் சேர்த்துத் தேவைப்பட்டது வெறும் 27 டாலர். தன் கைப்பணத்தைக் கொடுத்தார். கிராமின் வங்கி அங்கிருந்துதான் முளைத்தது.

சிறிய அமைப்பிடம் பணம் குறைவு. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் கேட்க அதனால் முடியும். கழிப்பறை கட்டியாகிவிட்டது. கணினிகள் இன்னும் பெட்டியில்தான்.