காலாதுங்கியில் ஒரு வீடு

நைனிதால் மலைப்பாதை சமவெளியைத் தொடும் இடத்தில் காலாதுங்கி என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே மரநிழலில் நாம் கண்ட பழைய வீடு, ஜிம் கார்பெட் குளிர்காலங்களில் வசித்த இல்லம். இப்போது அது காட்சிசாலையாக விளங்குகிறது. சமீபத்திலேயே, பயிர்களைக் காட்டு மிருகங்கள் அழிக்காதவாறு அவர் எழுப்பிய கல்மதிலையும் காணலாம்.

கார்பெட்டை நாம் வேட்டைக்காரராகவே அறிவோம். 436 உயிர்களைக் குடித்த சம்பாவத் புலியை 1907-ல் வீழ்த்தியவர் அல்லவா? ஆனால் பிற்காலத்தில் அவர் துப்பாக்கியைவிடக் காமிராவையே விரும்பினார். புலியினம் அழிந்தால் தேசம் வறுமையுறும் என்று எச்சரித்தார்.

1875-ல் நைனிதாலில் பிறந்த அவர், 1947 நவம்பரில், எழுபத்திரண்டாம் பிராயத்தில், தமக்கை மாகியுடன் பிறந்த மண்ணைப் பிரிந்தார். சுதந்திர நாட்டில் தமக்கு இடமிராது என்று அஞ்சினார் போலும்! ஆப்பிரிக்காவில், கென்யாவைச் சேர்ந்த நையேரியில், ஒரு சிறு குடிலில் அமர்ந்து எழுதினார். 1952-ல் வெளிவந்த நூலுக்கு அவர் இட்ட பெயர் 'மை இந்தியா'. அதைச் சமர்ப்பித்தது இந்நாட்டு ஏழைகளுக்கு. 1955 ஏப்ரல் 19-ல் அங்கேயே காலமானார்.

அவர் அஞ்சியது வீண். வெள்ளையர் என்ற வேற்றுமையைப் பாரதம் பாராட்டவில்லை. 1936-ல் ஏற்பட்ட நம் முதல் தேசியப் பூங்காவுக்கு, அவர் மறைந்த பின் அவர் பெயரையே சூட்டியது. 1973-ல் புலிகளைக் காக்கும் திட்டமும் அங்கேதான் தொடங்கிற்று.

மிருகங்களிடமிருந்து மனிதரைக் காக்க மதில் எழுப்பியவரின் பெயர், மனிதரிடமிருந்து மிருகங்களைக் காக்கும் வனத்துக்கு வாய்த்திருக்கிறது. இதனினும் பொருத்தமான ஞாபகச் சின்னம் வேறென்ன வேண்டும்?